கரியமில வாயுவுக்குப் பரிந்து பேசியவர்

மனிதராய்ப் பிறந்தவர்களில் கரியமில வாயுவை மனதார நேசித்த ஒரே ஆள் எங்கள் சோடா சார்தான். நாமெல்லாம் மூச்சில் வெளியே தள்ளும் வஸ்துவை, கல்யாணத்துக்கு நிற்கும் மகளைப் போல அவர் பெருமையாகப் பேசுவார்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் கம்பெனி வாடகை வீட்டில் ஆபீஸ் போட்டிருந்தது. பூமியின் ஆழத்தில், ஷேல் என்ற களிப்பாறைக்குள் எரிவாயு சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. சார் பாறை இன்ஜினீயர், நான் கிளார்க். அந்தப் பாறையைப் பிளக்க லாரி லாரியாகத் தண்ணீரை அழுத்தி உள்ளே அனுப்புவது உலக வழக்கம். சார் அதற்குப் பரம விரோதி.

"தண்ணி எதுக்குய்யா? கரியமில வாயுவ அழுத்தி, தண்ணி கணக்கா ஆக்கி உள்ள விடணும். பாறையும் பொளக்கும், கேஸும் வரும், விட்ட வாயுல ஒரு பங்கு அங்கயே தங்கிரும். சுத்தி இத்தன சிமென்ட் பேக்டரி புகை விடுது. அம்புட்டும் நமக்குச் சரக்கு!"

டீக்கடைக்காரரிடமும் இதையேதான் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சக்கர போடவா, வேணாமா சார்?" என்றார்.

தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வந்த அன்று, விளக்கிக் காட்டுவதற்காக சார் ஒரு கோலி சோடாவை நன்றாகக் குலுக்கி, குண்டை அழுத்தினார். டைரக்டரின் வெள்ளைச் சட்டை தொப்பலாகிவிட்டது.

"பாத்தீங்களா சார், பிரஷர்!"

டைரக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி, "பாத்தேன்" என்றார். அன்று கிடைத்ததுதான் சோடா பட்டம்.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய், வளைகுடா எண்ணெய்க் கிணற்றில் பதினைந்து வருஷம் இருந்தவர் என்று யாரோ சொன்னார்கள். சார் பஸ் மாறி பஸ் மாறி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விசாரித்தால் பாய் அங்கே சமையல்காரர். வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். சார் நோட்டைத் திறந்தார். "குக்கருல எவ்ளோ பிரஷர் வெப்பீங்க பாய்?"

இப்படிப்பட்டவரைத்தான் விக்கிரமங்கலம் பக்கம் கிராமக் கூட்டத்தில் பேச அழைத்துப் போனார் எங்கள் மேனேஜர். கண்டிப்பான உத்தரவு: "எது கேட்டாலும் ‘ஒரு ஆபத்தும் இல்ல’ன்னு சொல்லுங்க. அது போதும்."

சார் நன்றாகத்தான் பேசினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாது என்று சொல்லி முடித்ததும், முந்திரிக்காடு வைத்திருந்த ஒரு அம்மா எழுந்தார்.

"தண்ணிய மிச்சம் புடிக்க வந்தவுங்க, உங்க காரு வர்ற ரோட்டுல தூசி அடங்க ஒரு லாரி தண்ணி அடிச்சீங்களே, அது எந்தக் கணக்குங்க?"

கூட்டம் சிரித்தது. சாரும் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா உட்காரவில்லை. "சரிங்க. அந்தக் காத்து பாறையப் பொளந்துட்டு மேல வந்தா, எங்க போருக்கு என்னாவும்? எங்க வூட்டுல குடிக்கிறது அந்தத் தண்ணிதான்."

மேனேஜர் கண்ணாலேயே உத்தரவை நினைவூட்டினார். சார் அவரைப் பார்க்காமல் மைக்கை நெருக்கிப் பிடித்தார். அவருடைய வாழ்நாள் கனவு அந்த ஒரு பதிலில் நின்றது.

"தெரியாதும்மா" என்றார். "வராதுன்னுதான் நெனக்கிறேன். ஆனா இந்த ஊருப் பாறையில யாரும் செஞ்சு பாத்ததில்ல. தெரியாம ஆபத்தில்லன்னு எப்படிச் சொல்றது?"

"வந்த ஆபீசருங்கள்ல தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தாங்க" என்றார் அந்த அம்மா. பிறகு ஊரோடு சேர்ந்து, வேண்டாம் என்று கை தூக்கினார்.

மறுவாரம் சாருக்கு வேலை போனது. கொஞ்ச நாளில் கம்பெனியும் வேறு மாவட்டத்துக்கு மூட்டை கட்டியது. அவர் அறையைக் காலி செய்த அன்று அந்த அம்மா ஒரு பை முந்திரிப்பருப்போடு வந்து நின்றார். "திட்டந்தாங்க வேணாம்னோம். உங்கள வேணாங்கல."

சார் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

இப்போது எங்கோ ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறார். போன வாரம் போன் செய்து, நலம்கூட விசாரிக்காமல், வாயுவின் அடர்த்தியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்திய போதெல்லாம், "அப்புறம் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.