ஜிக் தெரிவுக் குழுத் தலைவர்

மனித குலத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். சரியான ஜிக்கைத் தெரிந்தெடுக்கத் தெரியாமல் இருளில் கிடந்த காலம் ஒன்று. ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் சிறீதரன் அதற்கென ஒரு குழு அமைத்த பிறகு வந்த காலம் மற்றொன்று. நாம் கொடுத்து வைத்தவர்கள். இரண்டாவது காலத்தில் பிறந்திருக்கிறோம்.

ஜிக் என்றால் என்ன என்று கேட்கும் அப்பாவிகள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அது தூண்டில் கயிற்றின் நுனியில் கட்டுவது. ஈயத் தலை ஒன்று, அதில் பொருத்திய முள் ஒன்று, மீனை மயக்க ஒரு ரப்பர்க் குஞ்சம். முள்ளுக்கு முன்னால் விறைப்பான நைலோன் மயிர்க் கற்றை ஒன்றும் நிற்கும். அல்லி இலையும் விழுந்த மரமும் பின்னிக் கிடக்கிற தண்ணீருக்குள் எறியும்போது, புல்லும் கொப்பும் முள்ளில் கொழுவாமல் தடுப்பது அதன் உத்தியோகம். இந்தத் தடுப்பு மயிரில் சிறீதரனுக்குத் தனி மரியாதை. வேண்டாதது எதுவும் கிட்ட வரக்கூடாது என்பது அவருடைய குடும்பக் கொள்கையுங்கூட.

"வுப்பர்டால் தமிழர் தூண்டில் விளையாட்டுக் கழக"த்தின் ஸ்தாபகத் தலைவர் அவர். நடப்புத் தலைவரும் அவர்தான். வேறு யாரும் வருவதாகவும் தெரியவில்லை. கழகத்துக்கு முப்பத்துநான்கு சரத்துக்கள் கொண்ட யாப்பு உண்டு. கொடி உண்டு. ஐந்தாம் ஆண்டுச் சிறப்பு மலர் உண்டு. கோபித்துக்கொண்டு பிரிந்து போன போட்டிக் கழகம் ஒன்றும் உண்டு. எட்டு ஆண்டுகளில் பிடித்த மீன் மட்டும் இல்லை. அளவுக்குக் குறைந்த இரண்டு குஞ்சுகள் தாமாக வந்து மாட்டி, சட்டப்படி திரும்பவும் தண்ணீரில் விடப்பட்ட வீர வரலாற்றை மலரின் பதினோராம் பக்கத்தில் காணலாம்.

யாப்பின் மூன்றாம் சரத்து முக்கியமானது. "மீன்பிடி" என்ற சொல்லைக் கழக நடவடிக்கைகளில் பயன்படுத்தலாகாது. முதற் கூட்டத்தில் செயலாளர் இளங்கீரன் காரணம் கேட்டார்.

"மீன்பிடி எண்டால் சனம் பிழையா விளங்கிப்போடும்," என்றார் தலைவர்.

"மீன்தானே அண்ணை பிடிக்கப் போறம்?"

"பிடிப்பம். ஆனா நாங்கள் மீன் பிடிக்கிற ஆக்கள் இல்லை."

இந்த நுட்பமான வேறுபாட்டை இளங்கீரன் ஒரு சொல்லும் விளங்காமல் அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

கழகத்தின் மகளிர் அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரசபைக்கு அன்ட்ராக் என்னும் விண்ணப்பம் ஒன்று நிரப்பியபோது, பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. பெண் விடுதலையில் தலைவர் உறுதியானவர். கட்டத்தை வெறுமையாக விட அவருக்கு மனம் வரவில்லை. தன் மகள் தேனுஜாவின் பெயரை எழுதினார். இந்த நாட்டில் பரீட்சை எழுதாமல் தூண்டிலைத் தொட ஏலாது. ஆகவே பரீட்சை வகுப்புக்கும் மகளை அவரே அனுப்பி வைத்தார். "சும்மா பேருக்குப் போய் இருந்திட்டு வா பிள்ளை," என்றார்.

பிள்ளை பேருக்கு இருக்கவில்லை. அறுபது கேள்விக்கும் சரியாக எழுதினாள். பக்கத்துக் கதிரையில் இருந்தவனோடு கதைத்தும் பழகினாள். அவன் பெயர் கொட்வின். வுப்பர்டாலிலேயே பிறந்தவன், காது கேளாதவர்களுக்குக் கருவி பூட்டும் கடையில் வேலை. வகுப்பு முடிந்து இரண்டு வருடத்தில், இந்த வசந்தத்தில், அவனைத்தான் கட்டப்போகிறேன் என்று தேனுஜா வீட்டில் சொன்னாள்.

பொறுப்புள்ள எந்தத் தகப்பனும் செய்வதையே சிறீதரன் செய்தார். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் தொலைபேசி எடுத்தார். இரண்டு நாளில் அறிக்கை வந்து சேர்ந்தது. ஊர் மன்னார். வேதக்காரர். தகப்பன் செல்வரட்ணம் இப்போது பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. முந்தி கடலில்.

"சமயம் எனக்குப் பிரச்சினை இல்லை," என்றார் மனைவி சுந்தரேஸ்வரியிடம். "எல்லாம் ஒரே கடவுள்தான்."

"அப்ப என்னப்பா பிரச்சினை?"

"அவையள் மீன் பிடிக்கிற ஆக்கள்."

சுந்தரேஸ்வரி அலுமாரியைப் பார்த்தார். அவருடைய கூறைச் சேலையும் மற்றச் சேலைகளும் இருந்த தட்டுகளில் இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு ஜிக்குகள், கிராம் வாரியாகப் பெட்டிகளில் இருந்தன.

"அப்ப இஞ்சருங்கோ, உதெல்லாம் என்ன?"

"அது விளையாட்டு," என்றார் சிறீதரன். மகளிடம் "யோசிப்பம்" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார். தேனுஜா சாப்பாட்டு மேசையில் கதைப்பதை நிறுத்தியிருந்தாள். ஆழ்ந்த சிந்தனையில் இருப்பவர் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

செப்டம்பரில் பக்கத்து ஜேர்மன் தூண்டில் சங்கத்தோடு வருடாந்தப் போட்டி வந்தது. இடம் ஒரு நீர்த்தேக்கம். பார்ஷ் என்னும் வரி மீன் பெரிதாக வளர்ந்து, கரையோர அல்லிக்கும் விழுந்த மரங்களுக்கும் கீழே ஒளிந்திருக்கும். இதற்கேற்ற ஜிக்கைத் தெரிவுசெய்யக் குழு கூடியது. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், தலைவர் உரை எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம். பிறகு நிறம் விவாதத்துக்கு எடுக்கப்பட்டது.

"கலங்கல் தண்ணியண்ணை," என்றார் பொருளாளர் ஜெயகாந்த். "கறுப்பும் நீலமும் கலந்ததுதான் மீனுக்குத் தெரியும்."

"முதல் எறியிறதே கறுப்போ? நல்ல காரியத்துக்கு ஆரும் கறுப்புப் போடுவினமோ?"

"மீனுக்கு அது நல்ல காரியம் இல்லைத்தானே அண்ணை."

இந்தக் கருத்து ஒழுங்கீனமானது எனத் தலைவரால் நிராகரிக்கப்பட்டது. மண்ணிறமும் பச்சையும் என முடிவாயிற்று. அடுத்து அவர் ஒரு ஜிக்கைத் தூக்கிப் பிடித்தார்.

"இது எங்கை செய்தது?"

"யப்பான்."

"யப்பானிலை எந்த இடம்?"

ஜெயகாந்த் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதோ ஒரு ஊரின் பெயரை வாசித்தார்.

"கம்பனி பழசோ?"

"நாலு தலைமுறையாம்."

"அப்ப சரி. நல்ல இடம்."

ஏழு கிராம் எடை, கற்றை அடர்ந்த தடுப்பு, நல்ல இடத்துப் பிறப்பு. ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மீன் இதைக் கவ்வுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இருக்கவில்லை.

போட்டி நாளன்று கரையில் நாடா கட்டி, கழகத்தின் விழாக் கத்தரிக்கோலால் தலைவர் வெட்டித் திறந்து வைத்தார். ஜேர்மன்காரர் அதற்குள் இரண்டு மீன் பிடித்துவிட்டார்கள். மகளிர் அணி சார்பில் தேனுஜா வந்திருந்தாள். அவளைக் காரில் கொண்டுவந்த கொட்வினும் கரையில் நின்றான். தலைவர் அவனுக்குத் தலையாட்டினார். அவ்வளவு பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

மூன்று மணித்தியாலம் எறிந்தார். யப்பான் ஜிக் ஒவ்வொரு தடவையும் அல்லி இலையில் போய்க் குந்தியிருந்தது. கடைசியில் கொட்வினுக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், ஏழு கிராம் இலையைத் தாண்டிப் போகாது. இருபத்தொரு கிராம் போடுங்கோ, ஓட்டையாலை நேரை கீழை இறங்கும். தலை கூரான ஒண்டா எடுங்கோ, கொப்பிலை கொழுவாது. தூர எறியாதேங்கோ. கிட்ட நிண்டு மெல்லமா உள்ளை விடுங்கோ."

"ம்."

"மற்றது, அந்தத் தடுப்பு மயிரிலை பாதியை வெட்டிவிடுங்கோ. இவ்வளவு விறைப்பெண்டால் புல்லும் கொழுவாது, மீனும் கொழுவாது."

"தம்பி, அது கம்பனி வைச்சு விட்டது. அதிலை நாங்கள் கை வைக்கிறேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, விளங்கிக்கொண்டவர் போலக் கேட்டார்: "உதெல்லாம் அப்பா சொல்லித் தந்ததாக்கும்?"

"இல்லை அங்கிள். யூடியூப்பிலை பாத்தது. அப்பா என்னை ஆத்துப் பக்கமே விட்டதில்லை. படியெடா எண்டுதான் சொல்லுவார்."

சிறீதரன் இதை நம்பவில்லை. அவர் இரத்தத்தை நம்புகிறவர். ஆனாலும் இருபத்தொரு கிராமை எடுத்துக் கட்டினார். உடனே மீன் கடித்தது. முள் ஏறாமல் வழுக்கிப் போயிற்று. மறுபடி கடித்தது, மறுபடியும் போயிற்று. போட்டி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் இளங்கீரனைக் கூப்பிட்டு விழாக் கத்தரிக்கோலை வாங்கினார். கொட்வினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தடுப்பு மயிரில் பாதியைக் கத்தரித்தார். முதுகைக் காட்டியபடி செய்தால் அது சொந்த யோசனை ஆகிவிடும்.

எட்டாவது நிமிடம் கயிறு இறுகியது. நாற்பத்தாறு சென்ரிமீற்றர் பார்ஷ், முதுகு முள்ளை விரித்துக்கொண்டு வலைக்குள் வந்து விழுந்தது. கழகம் ஆர்ப்பரித்தது. தலைவர் பதினொரு படங்களுக்கு நின்று கொடுத்தார். வலது பக்கத்தால், இடது பக்கத்தால், கொடியோடு, கொடியில்லாமல்.

ஜேர்மன் நடுவர் குறூகர் கிழவன் மணிக்கூட்டைப் பார்த்தான். படம் எடுத்தது போதும் என்றான். மீன் வலைக்குள் துடித்துக்கொண்டிருக்கிறது. உடனே தலையில் அடித்து மயக்கி, நெஞ்சில் கத்தி இறக்க வேண்டும். செய்யாவிட்டால் சட்டப்படி குற்றம், போட்டியிலும் சேராது என்றான். ஒரு கட்டையையும் கத்தியையும் நீட்டினான்.

பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சிறீதரன் சரியான விடைக்குத்தான் புள்ளடி போட்டிருந்தார். எட்டு வருடமாக அதற்கு அவசியம் வரவில்லை. குனிந்து மீனில் விரலை வைத்தார். வழுவழுவென்று இருந்தது. கையை இழுத்துக்கொண்டார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. சுற்றிவர எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தலைவருக்கு இப்படியான நேரங்களில்தான் ஆளுமை வெளிப்படும்.

"கொட்வின் தம்பி, இஞ்சை வாரும். உதை ஒருக்காச் செய்துவிடும். உங்கடை ஆக்களுக்குப் பழக்கம்தானே."

கொட்வின் மற்றவர்களுக்குக் காது கேட்க வைக்கிறவன்; அவனுடைய காது நன்றாகவே கேட்டது. முகம் சிவந்து அவன் ஒரு அடி முன்னால் வைத்தான்.

"செய்யிறன் அங்கிள். ஆனா அது பழக்கத்திலை இல்லை. உங்களைப் போல நானும் பரீட்சை எழுதித்தான்..."

தேனுஜா அவனைத் தாண்டிப் போனாள். குறூகரின் கையிலிருந்து கட்டையை வாங்கினாள். கண்ணுக்குப் பின்னால் ஒரே அடி. கத்தி ஒருமுறை இறங்கியது. மீன் அடங்கிற்று. கையைப் புல்லில் துடைத்துவிட்டு மீனைத் தூக்கித் தகப்பனிடம் நீட்டினாள்.

"எங்கடை ஆக்களுக்கும் பழக்கம்தான் அப்பா."

சிறீதரன் இரண்டு கையாலும் வாங்கினார். மீன் நழுவி மண்ணில் விழுந்தது.

"இப்ப நானும் மீன் பிடிக்கிற ஆள்," என்றாள் தேனுஜா. "ஆறு மாசமா யோசிக்கிறியள். நாங்கள் கலியாணப் பதிவுக்குத் தேர்மின் எடுத்திட்டம், நாள் குறிச்சாச்சு. ஒக்டோபர் பதினேழு. வாறதெண்டால் வாங்கோ."

சட்டப்படி அடக்கியவள் அவள்தான் என்று குறூகர் தன் கொப்பியில் மீனைத் தேனுஜாவின் பெயரில் எழுதினான். இளங்கீரன் கழகக் கொப்பியில் "மகளிர் அணிக்கு முதலிடம், தலைவரின் வழிகாட்டலில்" என்று எழுதினார். இரண்டுமே ஆவணங்கள்தான்.

சிறீதரன் யோசித்து முடித்தார் என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறோம். சுந்தரேஸ்வரி அலுமாரியைத் திறந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு ஜிக்குகளையும் நிலவறைக்கு இறக்கிவிட்டு, சேலைகளைத் திரும்பவும் அடுக்கி, "நான் போறன், நீங்கள் இருந்து யோசியுங்கோ" என்று சொன்னது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வரலாறு இப்படியான சின்னக் காரணங்களைப் பதிவுசெய்வதில்லை. கலியாண மண்டபத்தில் மைக் இருக்கும் என்பதும் தலைவருக்குத் தெரிந்திருந்தது.

பதிவு முடிந்து மண்டபத்தில் விருந்து. இருநூறு பேர். ரொறன்ரோவிலிருந்து அறிக்கை அனுப்பிய உறவினர்கூட வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாரைச் சபைக்கு அறிமுகம் செய்யத் தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை வீட்டார் சாதாரண ஆக்கள் இல்லை. மன்னாரிலை பரம்பரை பரம்பரையாத் தூண்டில் விளையாட்டிலை சிறந்து விளங்கின குடும்பம். சம்மந்தி செல்வரட்ணம் அவர்கள் ஒரு மூத்த விளையாட்டு வீரர்."

சபை கை தட்டியது. ரொறன்ரோ உறவினர் நிம்மதியாகத் தட்டினார். செல்வரட்ணம் தட்டவில்லை. முப்பது வருடம் பாண் தொழிற்சாலையில் அடுப்புச் சத்தத்துக்குள் நின்றதால் அதிகம் கதைக்காத மனிதர். கதிரையை மெல்லத் தள்ளி வைத்து எழுந்து, மேடைக்கு வந்து, தலைவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"சம்மந்தி, நாங்கள் விளையாடேல்லை," என்றார் தாழ்ந்த குரலில். "என்ரை அண்ணனைக் கடல் கொண்டு போனது. விளையாடிக்கொண்டிருக்கேக்கை இல்லை. நாங்கள் மீன் பிடிச்ச ஆக்கள். அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கமெண்டால் மைக்கைத் தாங்கோ, நான் சொல்லுறன்."

அவர் கையை நீட்டினார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. தேனுஜா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறீதரன் சபையைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்ததாகப் பிள்ளைகளின் நடனம்," என்று அறிவித்தார்.

செல்வரட்ணத்தின் கை நீட்டியபடியே இருந்தது. எட்டு ஆண்டில் கடித்த மீனையெல்லாம் நழுவவிட்ட தலைவர், மைக்கை மட்டும் கடைசிவரைக்கும் விடவில்லை.