மாப்பிள்ளை கொண்டுவந்த மூச்சுக்குழாய்

போன மாசம் நான் ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். இனி மிச்சமிருக்கும் காலத்தைத் தண்ணீருக்கு அடியில் கழிப்பது.

அவசரப்படாதீர்கள். உயிரோடுதான்.

காரணம் என் மனைவி லூர்தம்மாள். குறிப்பாக, அவள் வாய். காலையில் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது தொடங்குகிற பேச்சு, ராத்திரி கொசுவத்தி அணைந்த பிறகும் புகையும். ஊர் உலகத்துக்கெல்லாம் பூட்டு செய்து அனுப்பிய ஊர் எங்கள் திண்டுக்கல். என் வீட்டு வாய் ஒன்றுக்கு இங்கே பூட்டு கிடைக்கவில்லை.

சந்தேகமிருந்தால் நாகல் நகருக்கு வந்து எங்கள் எதிர்வீட்டு சோலைமலையைக் கேளுங்கள். பாவம், நான் அவரிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று வாயைத் திறந்தாலே, "அண்ணே, அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டேன்" என்று ஓடிவிடுவார். அவருக்கு அடுப்பு பற்றவைக்கவே தெரியாது. எல்லாம் லூர்தம்மாள் குரலுக்குப் பயந்துதான். என் மகள் ஜெஸ்ஸி போன் செய்தாலும் அப்படித்தான். நான் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பாள். அம்மாவிடம் கொடுக்காவிட்டால் அம்மா கத்துவாள் என்று பிள்ளைக்குப் பயம்.

இப்படியான நேரத்தில்தான் ஜெஸ்ஸியோடு அவள் வீட்டுக்காரர் ஸ்டான்லி லீவுக்கு வந்தார். அந்தமானில் கடலுக்குள் முங்குவதற்கு ஆட்களைப் பழக்கும் உத்தியோகம். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினார். கடலுக்கடியில் ஏழெட்டுப் பேர். மீன்கள் போகின்றன, வருகின்றன. யாரும் வாய் திறக்கவில்லை.

"ஏன் மாப்ள, ஒருத்தரும் பேசலயே?"

"பேச முடியாது மாமா. வாயில ரெகுலேட்டரு இருக்குல்ல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு எழுத்துகூட வராது."

"எம்புட்டு நேரத்துக்கு?"

"முக்கால் மணி நேரம் இருக்கலாம் மாமா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்சம் மேலே இருக்கிறது என்று நம் சாமியார்கள் தப்பாகக் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது கீழேதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த லூர்தம்மாளும் கையை நிறுத்திவிட்டு அந்தப் போனையே பார்த்தாள். மீனைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கடலுக்கு நான் எங்கே போவேன்? கிணறு இருந்தது. ஆத்தூர்ப் பக்கம் லூர்தம்மாளுக்கு அவள் அப்பா கொடுத்த தென்னந்தோப்பு. அதில் யானையை இறக்கிக் குளிப்பாட்டலாம் என்கிற அளவுக்கு ஒரு கிணறு. இந்த வருசம் பெய்த மழையில் தளும்பிக் கிடந்தது. சாக்கும் தயாராக இருந்தது.

"இந்தா லூர்து, கெணத்து மோட்டாரு தண்ணி கம்மியா எடுக்குது. அடியில தண்ணி இழுக்கிற புட்வால்வுல பாசி அடைச்சிருக்கும். மாப்ள ரெகுலேட்டரு தாரேன்னாரு. மாட்டிக்கிட்டு நானே எறங்கிப் பாக்கப்போறேன்."

"கேஸ் சிலிண்டர்ல மாட்டுற ரெகுலேட்டரே உங்களுக்கு மாட்டத் தெரியாது. சிலிண்டர் கொண்டாற தம்பிதான் மாட்டிக் குடுத்துட்டுப் போகுது."

"அது கேஸு. இது காத்து."

"அதுலயாச்சும் சோறு வேகும். இதுல என்னா வரும்?"

"மூச்சு வரும்."

"இப்ப மட்டும் என்னா வருது?"

பார்த்தீர்களா, எப்படிப் பேசுகிறாள்!

"சரி, நீச்சலு தெரியுமா உங்களுக்கு?"

"என்னயப் பாத்தா கேக்குற? ஒரு ஐப்பசி மழையில ஆத்தூரு அணை நெறஞ்சு கெடக்கு. நான் நடு அணையில போறேன். திடீர்னு அடியில என்னமோ முட்டுது. பாத்தா கெளுத்தி மீனு! இந்தா, இந்த பீரோ தண்டி. அதோட மீசைய ரெண்டு கையில புடிச்சேன் பாரு, பைக்கு ஓட்டுற மாதிரி. நேரா கொண்டுபோய்க் கரையில விட்டுச்சு. விட்டுட்டு…"

லூர்தம்மாள் எழுந்து போய் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். அதிகம் பேசுகிறவர்களுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்கும் பொறுமை இருக்காது. நான் இதைப் பல காலமாகக் கவனித்து வருகிறேன்.

மறுநாள் ஸ்டான்லி தான் கொண்டுவந்திருந்த இரண்டு ரெகுலேட்டர் செட்டுகளைக் கூடத்தில் பாய் விரித்து வைத்தார்.

"ரெண்டும் செய்யற வேலை ஒண்ணுதான் மாமா. சிலிண்டருக்குள்ள காத்த அமுக்கி அடைச்சிருக்கோம். அப்படியே தெறந்துவிட்டா நுரையீரல் தாங்காது. இது அந்த வேகத்த அடக்கி, நீங்க இழுக்கிறப்ப மட்டும், இழுக்கிற அளவுக்கு மட்டும் குடுக்கும்."

"கேட்டா மட்டும் குடுக்குமா?"

"ஆமா மாமா."

"கேக்காட்டி?"

"சும்மா இருக்கும்."

ஒரு இரும்புக்குக்கூட அந்தப் பண்பு இருக்கிறது. அடுப்படிக்குக் கேட்கும்படி இதை இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

முதல் செட்டு கருப்பு. சிலிண்டரில் முறுக்க ஒரு தலை, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் ஒரு வாய். தலைக்குள் பிஸ்டன். சாமான்கள் குறைவு, அதனால் ரிப்பேரும் குறைவு. இரண்டாவது செட்டின் தலைக்குள் ரப்பர் சவ்வு. சேறும் மணலும் உள்ளே ஏறாது. அதில் இரண்டு குழாய். ஒன்று கருப்பு வாய். இன்னொன்று பளீர் மஞ்சள்.

"இந்த மஞ்சளு எதுக்கு மாப்ள?"

"கூட வர்ற ஆளுக்குக் காத்து தீந்துபோச்சுன்னா, உங்க சிலிண்டர்லருந்தே அவங்க மூச்சு எடுக்கலாம். ஆக்டோபஸ்னு சொல்லுவோம்."

கூட வர்ற ஆள்! ஒரு சிலிண்டரில் இரண்டு வாய் என்றால் அது நான் இப்போது இருக்கும் வீடுதானே? அதற்கு எதற்குக் கிணற்றுக்குள் போக வேண்டும்?

"என்னயக் கேட்டா மஞ்சள்தான் பத்திரம்" என்றார் ஸ்டான்லி. "ஆனா நான் கூடவே எறங்குறதால எதுவா இருந்தாலும் சரி. நீங்களும் அத்தையும் பேசி ஒண்ணு எடுத்துக்கங்க. அத இங்கயே விட்டுட்டுப் போறேன்."

எங்கள் வீட்டில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையே தனி. எனக்கு எது வேண்டுமோ அதை நான் திட்ட வேண்டும். வேண்டாததைப் புகழ வேண்டும். நான் புகழ்ந்ததை லூர்தம்மாள் தள்ளிவிட்டு, நான் திட்டியதைக் கையில் எடுத்துக்கொள்வாள். எங்கள் பச்சை பீரோ அப்படி வந்தது. ஸ்டான்லியே அப்படி வந்தவர்தான். "தண்ணியில முங்குறவனுக்கா எம்புள்ளயக் குடுப்பேன்!" என்று நான் குதித்தேன். அடுத்த ஞாயிறே கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது.

ஆக, லூர்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதும் நான் ஆரம்பித்தேன்.

"மஞ்சளுன்னா மஞ்சளுதான்! என்னா கலரு, என்னா பளபளப்பு! கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போகலாம்ல? இந்தக் கருப்பப் பாரு, மூதேவி. ஒத்தக் கொழாயத் தொங்கப் போட்டுக்கிட்டு, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு மாதிரி. இத மனுசன் வாயில வெப்பானா?"

அவள் கருப்பைப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப மஞ்சளே இருக்கட்டும்" என்றாள்.

"எது?"

"நீங்க சொன்னதுதாங்க. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்."

கல்யாணமாகி நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. இந்த வாக்கியத்தை முதன்முதலாகக் கேட்கிறேன். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

"அதுக்கில்ல லூர்து… யோசிச்சுப் பாத்தா கருப்பும் மோசமில்ல. உள்ள பிஸ்டனு இருக்கு. புல்லட்டு வண்டியிலயே பிஸ்டனுதான்."

"புல்லட்டு என்னா தண்ணிக்குள்ளயா ஓடுது?"

"அந்த மஞ்சக் கொழாயி சும்மா தொங்கிக்கிட்டு கெடக்குமேன்னு பாத்தேன்."

"சும்மா எதுக்குத் தொங்கணும்? நான் வாரேன்."

"எங்க?"

"கெணத்துக்குள்ள."

"உனக்கு மூச்சு…"

முடிக்கவில்லை. எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஜெபமாலையை முன்னின்று சொல்பவள் இவள்தான். பத்து 'அருள் நிறைந்த மரியே'யையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மூச்சு எடுப்பாள். போதாததற்கு அது அவள் அப்பா வெட்டிய கிணறு. பாவாடை கட்டிய வயசிலேயே மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தவள்.

சனிக்கிழமை காலை தோப்புக்குப் போனோம். ஜெஸ்ஸி கிணற்றுப் படியில் துண்டோடு உட்கார்ந்தாள். ஸ்டான்லி எனக்குச் சிலிண்டரைக் கட்டி, கண்ணாடி மாட்டி, கருப்பு வாயைக் கொடுத்தார். லூர்தம்மாளுக்கும் ஒரு கண்ணாடி, மஞ்சள் வாய்.

"அத்தை, நீங்க மாமா தோள்பட்டைய விடாமப் புடிச்சுக்கணும். கொழாயி மூணடிதான். அதுக்கு மேல தள்ளிப் போக முடியாது."

மூன்றடி! வீட்டிலாவது மொட்டைமாடி என்று ஒன்று இருக்கிறது.

இறங்கினோம். கெளுத்தியின் மீசையைப் பிடித்துச் சவாரி போன நான், கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லைப் பிடித்துச் சவாரி போனேன். லூர்தம்மாள் அலுங்காமல் குலுங்காமல் கூட வந்தாள். ஆளுயரத் தண்ணீருக்குக் கீழே ஒரு கல்மேடை. அதில் எங்களை உட்காரவைத்துவிட்டு ஸ்டான்லி எதிரே நின்றார்.

சத்தமில்லை. குமிழி மட்டும் குபுகுபுவென்று மேலே போயிற்று. லூர்தம்மாள் வாய் அடைபட்டிருந்தது. நான் கனவு கண்டது இதைத்தான். அனுபவிக்கலாம் என்று காலை நீட்டினேன்.

அப்போது ஒரு கெண்டை மீன் என் மூக்கருகே வந்து நின்றது. விரல் தண்டிதான். பார்த்ததும் எனக்கு ஒரு சமாச்சாரம் ஞாபகம் வந்தது. இதே மாதிரி ஒரு கெண்டை ஒருதடவை என் சட்டைப்பைக்குள் புகுந்து பழனி வரைக்கும் பஸ்ஸில் வந்த கதை. சொன்னால் லூர்தம்மாள் அசந்துபோவாள். வாயைத் திறக்கப் போனேன். வாயில் ரப்பர். சரி, அப்புறம் சொல்வோம் என்று அடக்கினேன். அடங்கவில்லை. அதன் பின்னாலேயே இன்னொரு கதை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. தும்மல் வந்து நிற்பதுபோல மூன்றும் தொண்டையில் வந்து நின்றன. மெல்லக் கையைக் கொண்டுபோய் வாய்க்குழாயைப் பிடித்தேன்.

லூர்தம்மாள் இரண்டு விரலால் அதை உள்ளே அமுக்கினாள்.

மறுபடி கை தூக்கினேன். மறுபடி அமுக்கினாள். அப்புறம் பூசையில் பிரசங்கம் முடிந்த பிறகு உட்கார்ந்திருப்பதுபோல, ஒரு கையை மடியில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். மறு கை என் தோள்பட்டையில். அந்தக் கை மட்டும் கண் திறந்திருந்தது.

மேலே வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். முகம் பத்து வயசு குறைந்திருந்தது.

"மாப்ள, என்னா நிம்மதி!"

"அந்தக் கெண்டையப் பாத்தியா லூர்து?" என்றேன் நான், மூச்சு வாங்கிக்கொண்டு. "இதே மாதிரி ஒண்ணு பழனிக்குப் போறப்ப…"

"அப்பா, செத்த நேரம் இருங்கப்பா" என்றாள் ஜெஸ்ஸி. "அம்மா பேசட்டும். பாவம், அவங்களுக்கு எப்ப வாய்க்குது?"

லூர்தம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "தூக்கத்துலயும் பேசுவாரு மாப்ள. எதிர்வீட்டு சோலைமலை தெருவச் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போறாரு. அன்னிக்கு வீடியோவப் போட்டு 'ஒரு எழுத்துகூட வராது'ன்னீங்க பாருங்க, அப்பவே மாதாவுக்கு மெழுகுதிரி நேந்துக்கிட்டேன். ஒத்தக் கொழாயி எடுத்திருந்தா தனியாப் போயி, கழட்டி எறிஞ்சுட்டு மீனுகிட்டயே பேச ஆரம்பிச்சிருப்பாரு. பக்கத்துல இருந்து அமுக்க ஒரு ஆளு வேணும்ல? நல்லவேளை, இவரு வாயாலேயே மஞ்சளுன்னு சொல்லிட்டாரு."

"லூர்து, நான் அப்படியா பேசுறேன்? ஒருதடவ என்னாச்சுன்னா…"

"மாப்ள, ஒரு சந்தேகம்" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே. "இது தண்ணிக்குள்ளதான் வேலை செய்யுமா? வெளிய உக்காந்து மாட்டுனா?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை ஸ்டான்லி. "வெளியிலயும் நல்லா மூச்சு வரும் அத்தை. வீட்டுலயே மாட்டிப் பழகலாம். ஒண்ணும் செய்யாது."

இம்புட்டையும் உங்களை நேரில் பார்த்துச் சொல்லாமல், வேலை மெனக்கெட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். வாயில் அதுதான் இருக்கிறது.