பிரேக் பிடித்த கால்

காரில் இனி என் மனைவி வாயைத் திறக்கக் கூடாது. அதற்காகவே புதுக் கார் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

மற்றவர்கள் மைலேஜ் பார்த்து வாங்குவார்கள். நிறம் பார்த்து வாங்குவார்கள். நான் மௌனம் பார்த்து வாங்கினேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். ஊரையே தூங்க வைத்துச் சம்பளம் வாங்குபவள். என்னை மட்டும் காரில் கண்ணிமைக்க விடமாட்டாள். "முன்னாடி லாரி." "பின்னாடி பைக்." "சிக்னல் மஞ்சளாயிடுச்சு." "உங்க கண்ணு எங்கங்க இருக்கு?" நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண் எங்கே இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்பது தொழிலுக்கே இழுக்கு.

ஷோரூமில் விற்பனையாளர் மூச்சு விடாமல் விளக்கினார். "முன்னால கேமரா இருக்கு சார், ரேடார் இருக்கு. ஏதாவது குறுக்க வந்தா முதல்ல சத்தம் போடும். நீங்க கவனிக்கலைன்னா பெல்ட்டை இறுக்கும். அப்பவும் கவனிக்கலைன்னா தானே பிரேக் பிடிச்சிடும். ரோட்டுல போட்ட கோட்டைத் தாண்டினா ஸ்டியரிங் அதிரும். உங்க கண்ணு சொருகினா திரையில காபி கப் படம் வரும்."

"அதாவது, பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க எதுவும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை?"

"அவசியமே இல்லை சார்."

என் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பதிலை இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

பழைய காரை, "நீ ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போ" என்று அவளுக்கே தாராளமாக விட்டுக்கொடுத்தேன். அதிலிருந்த பாதுகாப்பு வசதி ஹாரன் ஒன்றுதான். அதுவும் மழை பெய்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வீட்டுக்குப் புறப்பட்டோம். மனைவி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தாள். பேச்சே இல்லை. போட்ட பணம் வீண்போகவில்லை என்று நினைத்தேன். அப்போது ஸ்டியரிங் கையில் அதிர்ந்தது.

"கோட்டு மேல ஏறிட்டீங்களாம்" என்றாள்.

"அதைத்தான் காரே சொல்லிடுச்சே."

"நான் மொழிபெயர்த்தேன்."

கொஞ்ச தூரம் போனோம். திரையில் காபி கப் வந்தது. கப்பிலிருந்து ஆவி வேறு பறந்தது.

"தூக்கம் வருதா?"

"இல்லை. என் கண்ணு கொஞ்சம் சின்னது. கேமராவுக்கு வித்தியாசம் தெரியலை."

"தூங்கப் போறவங்க முகத்தைப் பார்க்கிறதுதாங்க என் வேலை. காரு சொல்றது சரி."

வாய்க்குப் பூட்டு வாங்கப் போனவன், அந்த வாய்க்கு ஒத்து ஊத ஓர் ஆளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெரிய சாலை வந்தது. முன்னால் போகும் வண்டிக்குத் தக்கபடி தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன். கால்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மனைவி பக்கம் நன்றாகத் திரும்பி, சின்னக் கண் எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் உண்டு என்பதை ஆதாரங்களுடன் விளக்க ஆரம்பித்தேன்.

பக்கத்துச் சாலையிலிருந்து மெத்தை ஏற்றிய வேன் ஒன்று ஏறி, எங்கள் முன்னால் குறுக்காக நின்றுவிட்டது. மெத்தைகள் சரியாமல் இருக்க, மேலே ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். நான் இதையெல்லாம் பார்த்தது பிறகு. முதலில் கார் கூவியது. பெல்ட் என் நெஞ்சைப் பின்னுக்கு இழுத்தது. கார் முன்பக்கம் குனிந்து, டயர் தேய, நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் சிரமப்பட்டு நுழையலாம். மெத்தை மேலிருந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருடைய உதடு நடுங்குவது தெரிந்தது.

வேன் ஒதுங்கிப் போனது. அவள் கேட்டாள்.

"பிரேக் நீங்களா பிடிச்சீங்க?"

என் கால் பிரேக் இருந்த திசையிலேயே இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"பின்னே யாரு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு மரங்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மைத்துனன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் தெம்பு வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல வேன் லாரியாயிற்று. மெத்தை இரும்புக் கம்பியாயிற்று. இடைவெளி நூலிழையாயிற்று.

"காரு ஒண்ணும் பண்ணலையா மாமா?" என்றான் மைத்துனன்.

"அது யோசிக்கிறதுக்குள்ள என் காலு முந்திக்கிச்சு."

"அப்ப அந்தக் கேமரா, ரேடார் எல்லாம்?" என்று மனைவி கேட்டாள். ரொம்பப் பணிவாகக் கேட்டாள். அந்தப் பணிவிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"எல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு."

"உங்களுக்கு அதெல்லாம் தேவையே இல்லைன்னு சொல்லுங்க."

"எனக்கு எதுக்கு? கண்ணும் காலும் இருக்கிறவனுக்கு நாலு சக்கரம் போதும்."

"கேட்டுக்கிட்டியாடா?" என்றாள் தம்பியிடம்.

"கேட்டுக்கிட்டேன் அக்கா."

மறுநாள் காலை சாவி மாட்டும் ஆணியில் பழைய காரின் சாவிதான் தொங்கியது. போன் செய்தேன்.

"புதுக் காரை நீயா எடுத்துக்கிட்டுப் போனே?"

"ஆமாங்க. எனக்கு உங்க மாதிரி காலு முந்திக்காது. காரு பார்த்துக்கிட்டாத்தான் உண்டு. ஆபரேஷனுக்கு நேரமாச்சு, வைக்கட்டுமா?"

அந்த வாரம் முழுக்கப் பழைய காரில் கடைக்குப் போய் வந்தேன். நான் ஆசைப்பட்ட மௌனம் அதில் முழுசாகக் கிடைத்தது. கோட்டில் ஏறினால் கேட்க ஆளில்லை. கண் சொருகினால் காபி இல்லை. ஒரு திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அவர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். நான் வண்டியை ஓரம் கட்டினேன். மெத்தை மேல் படுத்திருந்தவரின் முகம் ஞாபகம் வந்தது. அன்று இந்த வண்டியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மறுநாள் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் கடைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் அவள் வந்து கைப்பையை வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குப் பிரேக் பிடிச்சது நான் இல்லை. காருதான்."

"தெரியும்" என்றாள். "செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, வலது காலை மடிச்சு சீட்டு மேல வச்சிருந்தீங்க. கட்டை விரல்ல சொடக்கு வேற எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. பின்னே யாருன்னீங்க."

காரியத்துக்கு வந்தேன். "சரி, ஒத்துக்கிட்டேன். அந்த வசதியெல்லாம் எனக்குத்தான் ரொம்பத் தேவை. புதுக் கார் சாவியைக் கொடு."

"காலை மடிச்சு வச்சு, ரோட்டைப் பார்க்காம ஓட்டுறவர் கையிலயாங்க சாவியைக் கொடுக்கறது?"

இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று பழைய கார் சாவியைத் தேடினேன். ஆணி காலியாக இருந்தது.

"அதை மத்தியானமே வீட்டுக்கு வந்து, ஆளைக் கூப்பிட்டு வித்துட்டேன்" என்றாள். "அந்த ஓட்டை வண்டியில உங்களை அனுப்பிட்டு, ஆபரேஷன் தியேட்டர்ல எனக்கு வேலை ஓடுமா சொல்லுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அக்கறைதான் இருந்தது. அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது கடைக்குப் பஸ்ஸில் போகிறேன். என் ஸ்டாப் வந்தால் எழுப்பிவிடச் சொல்லி கண்டக்டரிடம் அவளே பேசி வைத்திருக்கிறாள்.