மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டேன்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மைத்துனர் அவர்களுக்கு,

உன் அத்தான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பு என்ற அளவில் நானும் உன் அக்காவும் சௌக்கியம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும், உன் மனைவியும், பிள்ளைகளும், சென்ற முறை நான் வந்திருந்தபோது என் செருப்பைக் கடித்த நாய்க்குட்டியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். உன் மாடி அறையில் மழைநீர் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாயே, சரிசெய்துவிட்டாயா? கட்டில் இன்னும் அங்கேதான் கிடக்கிறதா? ஒரு கட்டிலா, இரண்டா? சும்மா ஓர் அக்கறையில் கேட்கிறேன்.

சும்மா இல்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வியாழக்கிழமை காலை வண்டியில் நானும் உன் அக்காவும் அங்கே வருகிறோம். எத்தனை நாள் என்று கேட்காதே. யாராவது தொலைபேசியில் என்னை விசாரித்தால், பார்த்து வருஷக்கணக்காகிறது என்று சொல்லிவிடு. உன் அக்காவிடம் இது ஊர் சுற்றிப் பார்க்கும் பயணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை எங்கும் கூட்டிப்போகாதவன் திடீரென்று இப்படிச் சொன்னதும், என் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பயம். ஒன்றரை மாதமாகப் பயம். இந்த வரியை எழுதும்போதுகூட எழுத்து கோணலாக விழுகிறது பார்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் என்ன வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். பணம் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு, பணம் கிடையாது என்று எழுதுகிற வேலை. அதை நான் எழுதுகிற விதத்தில், படித்தவர்கள் கோபப்பட்டதே இல்லை. முதல் பக்கம் வணக்கம், இரண்டாம் பக்கம் பாராட்டு, மூன்றாம் பக்கத்தில்தான் விஷயம். ஒருவர் இனிப்புப் பொட்டலத்தோடு நன்றி சொல்ல வந்தார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை வாசல் காவலாளிதான் அவருக்குப் படித்துச் சொன்னார். இந்தப் பெருமையைப் பற்றி ஓய்வு பெற்றபின் நான் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். அதனால் எனக்குக் 'கடிதக்காரர்' என்று பெயரே வந்துவிட்டது.

இரண்டு மாதம் முன்பு எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் நகரசபை ஓர் அறிவிப்பு ஒட்டியது. தெருவை ஒருவழிப்பாதை ஆக்கப்போகிறார்கள். ஆட்சேபனை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தரலாம். இதில் முதல் அடி விழுந்தது கீழ்த்தளத்தில் பேக்கரி வைத்திருப்பவருக்கு. அவர்தான் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கும் சொந்தக்காரர் என்பது உனக்கு நினைவிருக்கும். அவருடைய மாவு லாரி கிழக்கு முனை வழியாக வந்து, பின்வாசலில் மூட்டை இறக்கிவிட்டுப் போகும். ஒருவழி ஆனால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கு முனை வழியாக வர வேண்டும். அந்தத் திருப்பத்தில் லாரி திரும்பாது. ஆகவே தெரு முழுக்க எங்கள் முன்னறையில் கூடி, ஒரே குரலாக ஆட்சேபிப்பது என்று முடிவானது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். முதலில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுவோம், விஷயத்தைப் பிறகு எழுதிக்கொள்வோம். விஷயத்தை முதலில் எழுதினால் ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள், கையெழுத்து விழவே விழாது. அப்படி அறுபத்துமூன்று கையெழுத்து விழுந்தது. பேக்கரிக்காரர் தாள்களை என் கையில் கொடுத்து, "சார், நீங்க எழுதினா கல்லும் கரையும். உங்களை நம்பித்தான் இருக்கேன்," என்றார். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். முதல் பக்கம் வணக்கம். இரண்டாம் பக்கம் பாராட்டு: ஒருவழிப்பாதை என்பது தொலைநோக்குள்ள திட்டம், தெருவின் மேம்பாட்டுக்குத் தேவைப்படும் எந்தச் சேவைக் கட்டணத்தையும் இன்முகத்துடன் ஏற்கச் சித்தமாக இருக்கிறோம். இதெல்லாம் ஒரு மரியாதைக்கு எழுதுவது, மைத்துனா. யாராவது இதை நம்புவார்களா? மூன்றாம் பக்கம் 'இருப்பினும்' என்று தொடங்கியது. ஆட்சேபனை முழுவதும் அதில்தான்.

நகரசபை அலுவலகத்தில் மனு வாங்கும் பெண், தாள்களை விரலால் தள்ளி எண்ணிவிட்டு, "ரெண்டு பக்கத்துக்கு மேல வாங்க மாட்டோம் சார். புது விதி. கையெழுத்துத் தாள் எத்தனை வேணா இருக்கலாம், மனு ரெண்டே பக்கம்," என்றாள். நான், "அம்மா, இது வந்து..." என்றேன். "ஒரு பக்கத்தை எடுங்க, இல்லேன்னா நாளைக்கு வாங்க," என்றாள். அன்றுதான் கடைசி நாள். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். ஒருவர் இருமினார். அந்த இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. எதை எடுப்பது? முதல் பக்கத்தில் தலைவருக்கு வணக்கம் இருக்கிறது, அதை எப்படி எடுப்பது? இரண்டாம் பக்கத்தில் பாராட்டு, அதை எடுத்தால் என்ன நினைப்பார்கள்? மூன்றாம் பக்கத்தை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். வெளியே வந்தபிறகுதான் நான் என்ன கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது. தெருவிலும் சொல்லியிருக்கலாம். அதைவிடப் பயமாக இருந்தது.

பிறகு என்ன, நடக்க வேண்டியது நடந்தது. 'குடியிருப்போரின் ஏகோபித்த வேண்டுகோளை ஏற்று' என்று பலகை நட்டுத் தெருவை ஒருவழி ஆக்கினார்கள். சாலையில் வெள்ளை அம்பு வரைந்தார்கள். அதன் முனை சரியாக என் ஜன்னலுக்குக் கீழே முடிகிறது, காலையில் திறந்தால் என்னைத்தான் காட்டுகிறது. அடுத்த வாரமே வீட்டுக்கு வீடு சீட்டு வந்தது. தெருப் பராமரிப்புக் கட்டணம் தனி, குப்பை எடுக்கும் கட்டணம் தனி. குப்பையை இனி நகரசபை விற்கும் பையில்தான் கட்டி வைக்க வேண்டும், வேறு பையில் வைத்தால் எடுக்க மாட்டார்கள். சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில், 'இன்முகத்துடன் ஏற்க முன்வந்த தங்களுக்கு நன்றி.' எதிர் வீட்டு நர்ஸ் அந்தச் சீட்டைத் தெருவில் நின்று ஆட்டி, "எவன் இதை மாத்தி எழுதினது? என் மூஞ்சியப் பாத்தா இன்முகமா தெரியுதா?" என்று கத்தினாள். நான் பால்கனியில் துணி காயப்போடுவது போல் ஈரமில்லாத துணியை உதறிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை எனக்கு வாயில் ஊறிய வார்த்தை, மைத்துனா. போன வாரம் பேக்கரிக்காரர் வாடகை வாங்க வந்தபோது 'இன்முக...' வரைக்கும் வந்துவிட்டது. இருமிச் சமாளித்தேன்.

பேக்கரிக்காரரைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. லாரி இப்போது மூட்டைகளைத் தெருமுனையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. மனிதர் நாற்பது மூட்டையையும் தள்ளுவண்டியில் வைத்துத் தானே இழுத்து வருகிறார். இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார். மூட்டை இழுக்கும் நேரத்தில் கடையில் ஆள் இல்லை என்று வாடிக்கையாளர்கள் போய்விடுகிறார்கள். இரண்டாம் அடுப்பை அணைத்துவிட்டார். இத்தனைக்கும் என்னைப் பார்த்தால், "நீங்க எழுதினதை எவனோ மாத்திட்டான் சார். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்," என்கிறார். கேட்டுக்கொண்டே நிற்கிறேன், தலையை வேறு ஆட்டுகிறேன்.

இதோடு போச்சா? போன ஞாயிறு மறுபடி முன்னறையில் கூட்டம். 'எங்கள் மனுவை மாற்றிய துரோகியின் பெயரை வெளியிட வேண்டும்' என்று இன்னொரு மனு. வழக்கப்படி முதலில் கையெழுத்து. முதல் கையெழுத்து பேக்கரிக்காரர், இரண்டாவது உன் அக்கா, மூன்றாவது நான். எழுதும் பொறுப்பு யாருக்கு வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? என்னைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி நானே எழுத வேண்டிய மனு, வெற்றுத் தாளாக மேசை மேல் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வியர்க்கிறது.

நேற்று என் பெயருக்கு நகரசபையிலிருந்து உறை வந்தது. ஷூவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டமாம். என் மனுவைத் திரையில் பெரிதாகக் காட்டி, அதை எழுதியவரை மேடைக்கு அழைத்துப் பூங்கொத்து கொடுக்கப்போகிறார்களாம். முன்வரிசையில் எனக்கு நாற்காலி. தெரு முழுக்க வரும். பேக்கரிக்காரர் வருவார். என் கையெழுத்து அவருக்கு மனப்பாடம். பத்தொன்பது வருடமாக இருக்கிற வீடு, மைத்துனா. இந்த வயதில் எங்களுக்கு யார் வாடகைக்குக் கொடுப்பார்கள்? உன் அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? அதனால்தான் வியாழக்கிழமை.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாருக்கும் பயப்படாமல், மனதில் இருப்பதை முதல் பக்கத்திலேயே சொல்லும் பிள்ளைகளாக வளர என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. நாய்க்குட்டியையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: இதை அனுப்பத் தபால் நிலையம் போனேன். கவுண்டரில் எடை போட்டுவிட்டு, "தாள் அதிகமா இருக்கு சார். இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டுங்க, இல்லேன்னா ரெண்டு தாளை எடுங்க. சீக்கிரம், மூடற நேரம்," என்றார்கள். சில்லறை இல்லை. பின்னால் வரிசை. யாரோ இருமினார்கள். கை தானாகவே போய்விட்டது, மைத்துனா! முதல் தாளில் நலம் விசாரித்திருக்கிறேன், கடைசித் தாளில் ஆசி இருக்கிறது, அவற்றை எப்படி எடுப்பது? நடுத்தாள் இரண்டையும் உருவி, "கொஞ்சம் பிடிங்க," என்று பின்னால் நின்றவரிடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நீட்டினேன். அதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். திரும்பினேன். துரோகி மனுவுக்கு ஸ்டாம்ப் வாங்க வந்த பேக்கரிக்காரர் என் நடுத்தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கீழே மாவு பிசையும் இயந்திரச் சத்தம் இல்லை. மாடிப்படியில் யாரோ ஏறி வருகிறார்கள்.

இன்னொரு பின்குறிப்பு: வந்தார். உன் அக்காதான் கதவைத் திறந்தாள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அந்த மூணாம் பக்கம் எங்க சார்?" என்று மட்டும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சட்டை மாறினாலும் அந்தத் தாளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நின்றபடியே படித்தார். லாரி, மூட்டை, விடியும் முன் அவர் அடுப்பு மூட்டுவது, முந்தைய நாள் ரொட்டியை யாருக்கும் தெரியாமல் யார் யாருக்குக் கொடுத்தனுப்புகிறார் என்பது, எல்லாம் அதில் இருந்தது.

"என்னைப் பத்தியா இவ்வளவு எழுதியிருக்கீங்க?"

"ஆமாம்."

"இதையா உருவினீங்க?"

"ஆமாம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை மேடைக்குப் போங்க. பூங்கொத்தை வாங்கிக்கோங்க. மைக்கைப் பிடிச்சு இதைப் படிங்க. வணக்கம் வேண்டாம், பாராட்டு வேண்டாம், நேரா இதைப் படிங்க," என்றார். "வாய் வரலேன்னா?" என்றேன். "சனிக்கிழமை வீட்டைக் காலி பண்ணிடுங்க," என்றார். நடுத்தாள்களைத் திருப்பிக் கொடுத்து, தன் பையிலிருந்து ஒரு ஸ்டாம்பையும் எடுத்து வைத்துவிட்டுப் போனார். அதனால்தான் உனக்கு இது முழுதாக வருகிறது.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வியாழக்கிழமை நாங்கள் வரவில்லை. மாடி அறையைப் பெருக்க வேண்டாம். எதற்கும் பெருக்கி வை. ஆனால் ஒரு கட்டில் போதும். நான் மேடையில் வாயைத் திறக்காவிட்டால், உன் அக்கா என்னோடு வரமாட்டாளாம்.