அக்காவின் லெப்டொப்பைக் கருமாதிக்குக் கழுவியது பற்றி

மேல் டிவிசன் லயம்,
புளத்கொகுபிட்டிய.

அன்பு மருமகன் கிருஷ்ணராஜ் அறிய, உன் தாய்மாமன் வேலுசாமி எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் பசுவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். டோஹாவில் வெயில் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்பது உன் அம்மாவின் வேலை. அவள் இல்லாததால் இனி நான் கேட்கிறேன். சாப்பிடு.

நீ கேட்ட ஒப்பீட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன். அக்கா சிவப்புப் பட்டனை அமுக்கி உனக்குப் பேசிவைக்கிற அந்தப் பக்கத்தை நம் பழைய லெப்டொப்பில் எதை வைத்து ஓட்டுவது, டொக்கரா பொட்மேனா, கட்டளை எழுத எந்த ஷெல் நல்லது, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க மாமா என்று அவள் படுக்கையில் விழுவதற்கு முன்பே கேட்டிருந்தாய். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், அதுவும் வாத்தியார் மாற்றலாகிப் போனதால்தான் நின்றேன், ஆனால் இந்தச் சங்கதியில் கேகாலை மாவட்டத்திலேயே என்னைக் கேட்காமல் யாரும் ஒன்றும் செய்வதில்லை.

முதலில் ஷெல். பாஷ் என்பது பழைய காலத்துக் கங்காணி. சொன்னதைச் செய்வான், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டான், வார்த்தைக்கு நடுவில் ஓர் இடைவெளி கூடிப்போனால் கிளையை வெட்டச் சொன்ன இடத்தில் தோட்டத்தையே வெட்டிவிட்டு வந்து நிற்பான். இசட்-எஸ்-எச் புதிதாக வந்த சின்னத்துரை, நாம் பாதி சொல்லும்போதே மீதியைத் தானே சொல்லி முடிப்பான், சப்பாத்து பளபளக்கும். ஃபிஷ் கலியாணப் பந்தல், கலர் கலராக வெளிச்சம் போடும், பாஷுக்கு எழுதினதைக் கொடுத்தால் மட்டும் அந்தப் பாசை தெரியாது என்று கையை விரிக்கும். எழுதினதில் பிழை பார்க்க ஷெல்செக் என்று ஒருவன், மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறவன் மாதிரி, சாக்குக்குள் கைவிட்டு முற்றல் இலையைப் பொறுக்கி வெளியே போடுவான். கோபம் வரும். ஆனால் அவன் சொல்வது சரிதான். இத்தனையையும் யாரோ எழுதி, உள்ளே இருப்பதைத் திறந்தும் காட்டி, சும்மா எடுத்துக்கொள் என்று வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்தில் சும்மா கிடைப்பது அட்டைக்கடி ஒன்றுதான்.

அடுத்து டொக்கரும் பொட்மேனும். இரண்டும் ஓட்டுவது கண்டெய்னரை. கண்டெய்னர் என்றால் துறைமுகத்து இரும்புப் பெட்டி என்றார் கணக்குப்பிள்ளை. நான் திருத்தினேன். இது ரப்பர் மரத்தில் கட்டுகிற சிரட்டை. மரத்துக்கு ஒன்று. ஒன்றில் மழைத்தண்ணீர் விழுந்தால் அடுத்த மரத்துப் பால் கெடாது. டொக்கருக்கு உள்ளே எந்நேரமும் ஒரு பெரிய துரை உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் விழுந்தால் சிரட்டைகளும் விழும். பொட்மேனுக்குத் துரை கிடையாது, சொந்தக் காணியில் பால் வெட்டுகிறவன் மாதிரி அவனவன் வேலையை அவனவன் பார்ப்பான். ஆனால் கரண்ட் போய் வந்தால் டொக்கர் தானே எழும்பி நிற்கிறது, பொட்மேனைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் கேள்விப்பட்டு நம் தோட்டத்துத் துரையே ஜீப்பில் லயத்துக்கு வந்து, ஒப்பீஸ் கம்பியூட்டருக்கு எதைப் போடலாம் வேலுசாமி என்று யோசனை கேட்டுப் போனார். அரநாயக்கவிலிருந்தும் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள்.

ஒப்பீடு இவ்வளவுதான். இனி எழுதப்போவதற்காகத்தான் போனில் சொல்லாமல் தாளை எடுத்தேன். போனில் சொன்னால் நீ பேசாமல் இருப்பாய். அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

உனக்குத் தெரியும், கோயில் மேட்டில் ஏறினால் பேசுவதற்கு மட்டும் சிக்னல் கிடைக்கும். அதனால் ஞாயிறு தவறாமல் லெப்டொப்பைத் துணியில் சுற்றி டவுனுக்குத் தூக்கிப்போய் ஷிப்னாவின் கம்பியூட்டர் கடையில் இன்டர்நெட்டில் மாட்டி வைப்பேன், நீ டோஹாவிலிருந்து அந்தக் கிழமைப் பேச்சைக் கேட்பாய். கடைசி மழைக்கு மண்மேடு சரிந்து பாதை மூடிக்கொண்டது, அக்காவை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக முடியவில்லை. அக்கா படுத்தபடியே தினமும் உனக்குப் பேசினாள். அந்தப் பேச்சு எதையும் நீ கேட்கவில்லை. லீவு கிடைக்காமல் வரவும் முடியவில்லை. அவள் போன அன்று நீ போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா கடைசியா பேசுனது இருக்கா மாமா?" எல்லாம் மெசினுக்குள்ள பத்திரமா இருக்கு, பாதை தெறந்ததும் கொண்டு வர்றேன் என்று சொன்னவன் நான்.

இழவு வீட்டில் எதுவும் ஓடக்கூடாது என்பது நம் முறை. ரேடியோவை நிறுத்தினேன், டீவியை நிறுத்தினேன், அதோடு சேர்த்து டொக்கர் சிரட்டையில் ஓடிய அக்காவின் பட்டன் பக்கத்தையும் நிறுத்தி வைத்தேன். கருமாதியன்று அவளுடைய பாய், தலையணை, பால் வாளி எல்லாம் ஆற்றுக்குப் போயிற்று. தண்ணீர் தெளிக்கிற நேரத்தில் தோட்டத் தலைவர் லெப்டொப்பைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு பொழங்குனது?"

"அக்காதாங்க."

"அப்ப இதையும் போட்டுட்டு வா. செத்தவங்க பொழங்குனது உள்ள இருந்தா அவுங்க வாசல தாண்ட மாட்டாங்கப்பா."

"பெட்டி மருமகன் வாங்குனதுங்க. உள்ள இருக்குறதுதான் அக்காவோடது."

"சரி, அப்ப உள்ள கழுவி விடு. நீதான் பெரிய கம்பியூட்டர்காரனாச்சே."

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், இத்தனை வருசத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்து பழகவில்லை. நீ எழுதித் தந்த தாளில், இடம் அடைத்தால் இந்தக் கட்டளை, ஓடாமல் நிற்கிறதை மட்டும் அள்ளிப் போடும், என்னைக் கேட்காமல் அடிக்காதீங்க மாமா என்று ஒன்று இருந்தது. ஓடாமல் நிற்கிற குப்பைதானே, பேருக்குக் கழுவினதாக இருக்கட்டும் என்று அடித்தேன். நிச்சயமா என்று மெசின் ஒரு தடவை கேட்டது. தலைவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஆமாம் என்று அமுக்கினேன். அக்காவின் பக்கத்தை நானே நிறுத்தி வைத்தது, அமுக்கின பிறகுதான் நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தேன். பக்கம் இல்லை என்று ஒரு வரி வந்தது.

அன்றைய சாப்பாட்டில் எல்லோரும் வேலுசாமி முறையா செஞ்சுட்டான் என்றார்கள். நான் என் சோற்றைப் பசுவுக்கு வைத்தேன். அக்காவை மழை ஒரு தடவை கொண்டுபோனது, இன்னொரு தடவை என் விரல். பாதை திறந்து பஸ்ஸும் ஓடுகிறது. பசுவுக்குச் சுகமில்லை, டவுனுக்கு வர முடியவில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பசு நன்றாகத்தான் தின்கிறது.

ஆகவே என் முடிவு என்னவென்றால் டொக்கர் வேண்டாம், பொட்மேனும் வேண்டாம், என் கைக்கு எட்டுகிற இடத்தில் இனி எதையும் வைக்காதே. என்னை வைய வேண்டுமென்றால் நன்றாக வைதுவிடு, கோயில் மேட்டில் ஏறி நின்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளையார் உன் கூடவே நடக்கட்டும். உனக்கு ஒரு நல்ல இடத்துப் பெண் அமையட்டும், உன் பிள்ளைக்கு அம்மாவின் சாயல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் வேலுசாமி,
கம்பியூட்டர் பொறுப்பு, மேல் டிவிசன்.

பின்குறிப்பு: இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி ஷிப்னாவிடம் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அனுப்பாமல் முழுவதையும் வாசித்துவிட்டது.

"மாமா, அந்தத் துணிக்குள்ள லெப்டொப்பா?"

"சும்மாதான் தூக்கிட்டு வந்தேன். வீட்டுல வச்சிட்டு வர மனசு வரல."

வாங்கி ஒரு வரி அடித்தாள். அம்மா குரல் என்று ஒரு பேர் வந்தது.

"கிருஷ்ணராஜ் அண்ணன் பேச்செல்லாம் தனியா வச்சு அதுக்குப் பேரும் வச்சிருக்காரு. பேர் வச்சத அது அள்ளாது மாமா, பேரில்லாததத்தான் அள்ளும். ஒங்க கணக்குல சொன்னா, சிரட்டதான் போயிருக்கு. பால் வாளியில இருக்கு."

ஆகவே டொக்கர் வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. துரை ஜீப்பில் வந்ததையும் அடித்துவிடு, எப்படியும் அக்கா வாயாலேயே நீ கேட்கத்தான் போகிறாய். அக்காவின் கடைசிப் பேச்சை ஷிப்னா போட்டாள்:

"ராசு, சாப்புட்டியாப்பா. மழ விடல. எனக்குக் கையி தூக்க முடியல, ஒன் மாமன்தான் பட்டன அமுக்கிக் குடுக்குறான். குடுத்துட்டு மழையில போயி நிப்பான், நான் ஒங்கிட்ட பேசுறத அவன் கேக்கக் கூடாதாம். தொர வந்து அவன்கிட்ட யோசன கேட்டாராம். தொரைக்கு நம்ம லயத்துக்கு வழியே தெரியாதுப்பா. அவன் எதையாச்சும் கெடுத்துப்புட்டு ஒனக்கு நீளமா காயிதம் எழுதுவான். வையாத. எனக்கப்புறம் அவன் பொய்யக் கேக்க ஆளில்ல, நீதான் கேக்கணும்."

அரநாயக்க வேனையும் அடித்துவிடு. அதை அக்காவிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.