எக்ஸை அடித்தால் மிஞ்சுவது

மன்னார்குடி

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். சம்பா அறுவடையும் முடிந்தது. அண்ணியின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே பதில் சொல்லிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இத்தனை வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்தவளும் இனித் தகுதித் தேர்வில் தேறினால்தான் வேலை என்று ஆனபோது, "அம்பது வயசுல உனக்கு எதுக்கும்மா அல்ஜீப்ரா? எழுதிக் கொடுத்துட்டு வீட்டுல இரு" என்றீர்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் வரலாற்றில் எம்.ஏ. படித்தவள், சான்று இல்லாமல் எதையும் நம்புவதில்லை.

பள்ளி விட்டதும் நானும் ஹமீதா பானு டீச்சரும் சேர்ந்து படிக்கிறோம். மேலே பன்னிரண்டு, எக்ஸ் அடுக்கு ஐந்து, ஒய் அடுக்கு மூன்று; கீழே நான்கு, எக்ஸ் அடுக்கு ஐந்து, வெறும் ஒய்; சுருக்குக என்று ஒரு கணக்கு. பன்னிரண்டை நான்கால் வகுத்தால் மூன்று, ஒய்யின் அடுக்கில் ஒன்று போய் இரண்டு, இதுவரை சரி. எக்ஸில் ஐந்திலிருந்து ஐந்து போய் அடுக்கு பூஜ்யம். பூஜ்யம்தானே என்று பெருக்கினேன். மூன்றும் ஒய்யும் சேர்ந்தே போய்விட்டன. "ஐயோ டீச்சர், அடுக்கு பூஜ்யம்னா ஒண்ணுங்க" என்றார் ஹமீதா. "அடிச்ச இடத்துல ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?" "அது விதிங்க." "யாரு போட்ட விதி?" "நானா போட்டேன்? எழுதுங்க, பஸ்ஸு போயிடும்." அரிசி தீர்ந்தாலும் 'இல்லை' என்னாமல் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லச் சொல்வார் என் மாமியார், கணக்கிலும் அப்படியொரு மங்கல வழக்கு போலும் என்று நம்பாமலே மனப்பாடம் செய்தேன். ஐந்தில் ஐந்து போனால் ஒன்று என்று அடுப்படியிலும் சொல்லிச் சொல்லி, மறுநாள் கரும்பலகையில் ஐந்து கழித்தல் ஐந்து, விடை ஒன்று என்று எழுதிவிட்டேன். "ஒண்ணுமில்லதானே டீச்சர்?" என்றாள் செம்மொழி. "ஒண்ணு இருக்கு, எழுது" என்றேன். மொத்த வகுப்பும் எழுதியது. வாசலில் நின்று பார்த்த தலைமையாசிரியர் பஞ்சநதம் சார், "ரெண்டு நாள் லீவு போடுங்கம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் நம்பாத ஒன்றைப் பிள்ளைகளை நம்ப வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வகுப்பில் நிற்கலாமா? நீங்கள் சொன்னதே சரி. விருப்ப ஓய்வு மனு எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கை,
பூர்ணிமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒன்று செய்து பார்த்தேன். இரண்டின் அடுக்கு மூன்று எட்டு. அடுக்கு இரண்டு நான்கு. அடுக்கு ஒன்று இரண்டு. அடுக்கு ஒன்று குறையக் குறையத் தொகை பாதியாகிறது. அடுக்கு பூஜ்யமானால்? இரண்டில் பாதி, ஒன்று. மூன்றை வைத்தும் இறங்கிப் பார்த்தேன், அங்கும் ஒன்றுதான். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே! நீங்களாவது சொல்லியிருக்கலாம். மனுவைக் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் வேலையாக, செம்மொழி சொன்னதுதான் சரி என்று வகுப்பில் சொல்ல வேண்டும். தேர்வு தஞ்சாவூரில். நீங்கள்தான் காரில் கூட்டிப்போகிறீர்கள். வழியில் கணக்குப் பேச்சே கூடாது.