வால்வு சேட்டனின் கடல் சாமந்தி

மட்டாஞ்சேரியில் வால்வு சேட்டன் அளவுக்கு அக்கறையாகச் சாவுக்குத் தயாரான மனிதர் அவருக்கு முன்பும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. "சௌக்கியமா சேட்டா?" என்று கேட்டால் போதும். "இன்னைக்கு இருக்கேன். நாளைக்கு காரியம் சொல்ல முடியாது, கேட்டோ" என்பார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, ஒரு பல்கூட ஆடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து நான் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் நாலு தெருவுக்கும் குடிதண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடிந்ததும் வருவார். எழவு வீட்டுக்கு வந்தவர் முகத்தோடு ரோட்டோரக் குழிக்குள் சாவியை விட்டுத் திருகுவார். இங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். எங்கள் ஊரில் வெள்ளம் வருகிறது என்றால் ஓடிப்போவோம். மட்டாஞ்சேரியில் குடத்தோடு ஓடிவருவோம். ஆகவே சேட்டனிடம் யாரும் சண்டை வைத்துக்கொள்வதில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "எனக்கு அதிக நாள் இல்லே, அதுக்கு சம்மதமா?" என்று பெண்ணிடமே கேட்டாராம். பெண் வீட்டார் வைத்த பலகாரத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இதை எனக்குச் சொன்னது எதிர்வீட்டுக் கமலம் சேச்சி. அவருக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் ஒரு பூனைகூடக் குட்டி போட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம், யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர், கடையை மூடிவிட்டுப் போகும்போது, கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கடல் தண்ணீர், கொஞ்சம் பாறை, இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, செடியும் இல்லை, பூவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, நுனியில் ஊதா பூசிய நூற்றுக்கணக்கான விரல்களை அசைத்துக்கொண்டு பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு பிராணி. அந்த விரல்களுக்கு நடுவேதான் மீன்கள் இரண்டும் குடியிருந்தன. சேட்டன் அதைப் 'பூவு' என்றார்.

அதற்கு வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்துப்போகும் என்று தொட்டிக்கு மேல் நாலு குழல் விளக்குகள். தண்ணீர் சூடேறக் கூடாது என்று இரண்டு மேசை விசிறிகள். மீன மாதத்து, அதாவது நம் பங்குனிச் சூட்டில் நாங்கள் எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்க, அந்தப் பூ இரண்டு விசிறியில் இருந்தது. சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் போய்விடும். அந்த அரை மணியும் சேட்டன் சைக்கிள் பம்பால் தொட்டிக்குள் காற்று அடித்துக்கொண்டிருப்பார். பூவுக்கு நடக்கவும் தெரியும். ஒருநாள் நகர்ந்து நகர்ந்து சமையலறைப் பக்கக் கண்ணாடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அதை யாரும் பிடுங்கி நகர்த்தக் கூடாதாம். சேட்டன் தன் கட்டிலைத் தூக்கிச் சமையலறையில் போட்டுக்கொண்டார்.

மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கத்துக் கடலில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்துவிடும். உப்பு அளக்கும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பிறகு இரண்டு கேனோடு செல்லானம் பஸ் ஏறிவிடுவார். ஒரு தடவை அவர் திரும்பி வந்த பஸ்ஸில் நானும் இருந்தேன்.

"கேன்ல என்னா சேட்டா?" என்றார் கண்டக்டர்.

"கடல் வெள்ளம்."

"உங்க வீட்டுல நின்னு கூவினா கடலுக்குக் கேக்கும். அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"அந்தக் கடல்ல உப்பு போரா."

கண்டக்டர் ஒரு கேனுக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார். இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு சேட்டன் வீடுவரை வந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ அவரிடம் இந்தப் பிராணி நூறு வருடம்கூட இருக்கும் என்று சொல்லித் தொலைத்தார்கள். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போனது. தான் எப்படியும் சீக்கிரம் போய்விடுவோம், பிறகு பூவுக்கு யார்? வாரிசு தேட ஆரம்பித்தார். சாயாக் கடைக்காரர் கையில் சோப்பு வாசனை அடித்ததால் தள்ளுபடி. பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் தொட்டிக் கண்ணாடியை மோதிரம் போட்ட விரலால் தட்டியதால் தள்ளுபடி. கமலம் சேச்சியை அவர் கேட்கவே இல்லை. சேச்சிக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது.

என்னைத்தான் கேட்டார். "நீ அதிகம் சிரிக்க மாட்டே. அது கொள்ளாம், நல்லது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வராத காலம் அது. எனக்குக் கைராசி இல்லை என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. நான் வைத்த துளசி பட்டுப்போனது, கறிவேப்பிலைக் கன்று கருகியது. வயிற்றிலும் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு, பக்கத்தில் விசேஷம் என்றால் என்னைக் கூப்பிடாமல் இருப்பதற்கு மரியாதையான காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. என் கைராசி பற்றி அவர்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டிருந்தேன். உயிருள்ள எதையும் என்னிடம் தராதீர்கள் என்று சேட்டனிடம் சொன்னேன்.

"துளசிக்கு நம்ம பூவு மாதிரி பிடிவாதம் இல்லே. நீ வந்து கத்துக்கோ" என்றார். போனேன், ஆறு மாதம் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. திரும்பமாட்டோம் என்று அவருக்கு நிச்சயம். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது என்பதால் அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டேன். மொத்தம் பத்தொன்பது விதிகள். நாலு நாளுக்கு ஒரு தரம், நக அளவு இறால் துண்டு. சோப்புக் கை கூடாது. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒருநாள் மூடாமல் வைத்து, மருந்து வாசம் போன பிறகு, கோடுவரை ஊற்ற வேண்டும்.

அதற்கு அவர் வைத்திருந்தது பிளாஸ்டிக் வாளி. எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார், பிளாஸ்டிக்கிலா வைப்பது? சீராக வந்த என் செம்புக் குடத்தைப் புளிபோட்டுப் பளபளவென்று தேய்த்து, அதில் தண்ணீர் பிடித்து வைத்து, தினமும் ஊற்றினேன். செம்பில் வைத்த தண்ணீரைவிட நல்ல தண்ணீர் உண்டா? எங்கள் வீட்டில் காய்ச்சல்காரர்களுக்கே அதைத்தான் கொடுப்போம்.

நாலாம் நாள் பூ சுருங்கியது. ஐந்தாம் நாள் வாய் பிளந்தது. ஆறாம் நாள் பாறையை விட்டுக் கழன்று, நூல் நூலாகப் பிரிந்து, தொட்டி நாற ஆரம்பித்தது. விட்டால் மீன்களையும் கொன்றுவிடும் என்பது பதினேழாம் விதி. அள்ளி எடுத்து, கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கைராசி பற்றித் தெரு சொன்னது சரிதான் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி, "விரிஞ்சிருக்கா?"

"நல்லா விரிஞ்சு கெடக்கு சேட்டா."

"வாய்?"

"மூடித்தான் இருக்கு."

"அப்ப எனக்குப் பேடி இல்லே" என்று பயம் தெளிந்து கண்ணை மூடிக்கொள்வார். நாலு நாள் இப்படிப் பொய் சொன்னேன். தையல் போட்ட மனிதரிடம் வேறென்ன சொல்வது?

அவர் வீடு வந்த அன்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். "சேட்டா, பூ செத்துப்போச்சு. நாலு நாளாச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போனார். மீன்கள் இரண்டும் பூ இருந்த பாறையையே சுற்றிக்கொண்டிருந்தன. அப்புறம் அவர் கண் தொட்டியோரம் இருந்த குடத்தில் நின்றது.

"வெள்ளம் இதிலயா வச்சே?"

"ஆமா."

"செம்பு அதுக்கு விஷமாக்கும்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ அந்தக் காகிதத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். பத்தொன்பது விதிகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"செம்பு இல்லே" என்றார் கடைசியில்.

"இல்ல சேட்டா."

"நான் சொல்லலே."

மறுநாள் காலையும் மாற்று ஆள்தான் வால்வு திறக்க வந்தார். சேட்டன் எழுந்து நடக்கவே கூடாது; ஆனாலும் தையலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு வந்து நின்றார். கமலம் சேச்சி குடத்தை இறக்கிவைத்தார்.

"பூ போயிடுச்சாமே சேட்டா? அவ கை அப்படித்தான். நான் அப்பவே..."

"கொன்னது நான்" என்றார் சேட்டன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "செம்பு ஆகாதுன்னு இவகிட்ட சொல்லாம போயிட்டேன். சொன்னதையெல்லாம் இவ ஒரு பிழையில்லாம செஞ்சா. என் தப்பு, கேட்டோ."

கமலம் சேச்சி இறக்கிவைத்த குடத்தை மறுபடி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "எனக்குக் குனிய முடியாது. மீனுக்கு நீ போடு" என்றார்.

"என் கை வேண்டாம் சேட்டா."

"கைக்கு ஒரு கேடும் இல்லே மோளே. பாத்திரம்தான் தப்பு."

இறாலை நுணுக்கிப் போட்டேன். இரண்டு மீன்களும் பாறையை விட்டு மேலே வந்து, என் விரல் நுனிவரை வந்து தின்றன. தையல் பிரிக்கும்வரை சேட்டனுக்குக் கஞ்சியும் என் வீட்டிலிருந்துதான். அந்த வருடம் என் கையில் ஒப்படைக்கப்பட்டவற்றில் உயிரோடு மிஞ்சியவை அந்த மீன்கள் இரண்டும்தான். சேட்டனையும் சேர்த்தால் மூன்று.